லஸ்கரின் ஜன்னல் பாட்டில்கள்

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பஸ் போயிடுச்சுங்க" என்று ஒருவன் சொன்னால், "அடடா" என்று திரும்பிப் போகிறவன்தான் மனுஷன். இவர் ரோட்டுக்கு இறங்கிப் போவார். குனிந்து புழுதியில் டயர் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். தடம் இருந்தால் அது நேற்றையதா இன்றையதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகு நிமிர்ந்து, "ஆமா, போயிடுச்சு" என்பார். ஏதோ அவரே கண்டுபிடித்து நமக்குச் சேதி சொல்கிறமாதிரி. எனக்கு எரிச்சலாக வரும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஒரு ஓடையை மறித்து அடிவாரத்தில் கட்டிய சின்ன அணை எங்களுடையது. அணை என்றதும் கண்ணை அகல விரிக்க வேண்டாம். ஒரு மண் கரை, வயலுக்குத் தண்ணீர் விட ஒரு மதகு, நிரம்பினால் மிச்சம் வழிந்துபோக ஒரு கலிங்கு, அவ்வளவுதான். கரையை ஒட்டிப் பூங்கா. அதில் சறுக்குமரம், காது உடைந்த சிமெண்ட் மான், தண்ணீரில் ஆறு மிதிபடகு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புளிசோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது நான். படகு காண்டிராக்டரிடம் சம்பளம். அந்த ஆள் சர்க்கார் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும், கரையில் நடந்து பார்ப்பதும், தண்ணீர் அளவை எழுதி வைப்பதும் அவர் வேலை. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் லஸ்கர்தான். என்னையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா டிக்கெட்டு" என்பார்.

நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான். "சொன்னே, சரி. பாத்தியா?"

மலையில் நல்ல மழை என்று பால்காரன் சொல்வான். "பாத்தியா?" காண்டிராக்டர் நாளைக்கு வருகிறாராம் என்று நான் சொல்வேன். "பாத்தியா?" நாளைக்கு வரப்போகிற ஆளை இன்றைக்கு எப்படி ஐயா பார்ப்பது?

அவருடைய சம்சாரம் மணலூர்பேட்டையில் தாய்வீட்டோடு இருந்தார். ஒருமுறை அணைக்கு வந்தபோது என் கவுண்டர் நிழலில் உட்கார்ந்து என் மனைவியிடம் சொன்னார். "கொழம்புல உப்பு போட்டுட்டேன்னு சொன்னா நம்பறதில்லம்மா. உப்பு ஜாடிய தொறந்து கொறஞ்சிருக்குதான்னு பாத்துட்டுத்தான் சோத்துல கைய வைக்கறாரு. எத்தினி வருஷம் பொறுத்துக்கினு இருக்கறது? நான் எங்கம்மா வூட்டோட போயிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாதம் ஒருமுறை லஸ்கர் அங்கே போய்வருவார். அங்கேயும் ஜாடியைத் திறப்பாரா என்று என் மனைவி கேட்டாள். "ஜாடிய ஒளிச்சி வெச்சிட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், பல நேரம் அந்த ஆள் சந்தேகப்பட்டது சரியாக இருந்துவிடும். ஒரு வருஷம் காணும் பொங்கலுக்கு முன்னால் பூங்காவுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார்கள். அடித்த கையோடு, மதகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கிற அளவுக்கல்லையும் பெயிண்டர் புதிதாக எழுதிவிட்டான். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. லஸ்கர் மூன்று நாள் மூங்கில் கழியை வைத்துக்கொண்டு அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"அரை அடி ஏத்தி எழுதிட்டான் டிக்கெட்டு. கல்லு காட்டறத வுட அரை அடி தண்ணி ஜாஸ்தியா நிக்குது."

"அவன் பழைய எழுத்து மேலயேதான அடிச்சான்?"

"பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஓவர்சியர் வந்து கருவி வைத்துப் பார்த்தார். சரியாக அரை அடி. கல்லை மறுபடி எழுதினார்கள். அன்றைக்கு லஸ்கர் பெருமையாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பேசவில்லை. போய்க் கழியைக் கழுவி வைத்தார்.

இனி பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். கரைக்கு அடியில், நாங்கள் குடியிருந்த அறுபது வீட்டுக் காலனிக்கு மேல்புறமாக, கோரைப்புல் முளைத்த ஓரிடம் உண்டு. அங்கே கரையிலிருந்து தண்ணீர் கசிந்து, கைத்தடிக் கனத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காலனியின் முதல் வரிசையில் முதல் வீடு என்னுடையது. என் பெண்ணும் பையனும் அந்தத் தண்ணீரில்தான் காகிதக் கப்பல் விடுவார்கள். லஸ்கர் தினமும் காலையில் அங்கே வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார். தேதி எழுதிய காகிதத்தை ஒட்டுவார். தன் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வரிசையாக வைப்பார். முப்பது பாட்டில் இருக்கும். புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்றைக் கொட்டுவார். பாட்டில் எல்லாம் பூங்காவில் குடித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன பாட்டில்கள்தான். காலை வெயில் அதன்மேல் படும்போது ஜன்னலே மினுமினுக்கும்.

எதற்கு இது என்று ஒரு நாள் கேட்டேன்.

"மண்ணுக் கரைன்னா கசியத்தான் கசியும். தெளிவா வந்தா தண்ணி மட்டும் வருதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா கரையும் கூடவே கரஞ்சி வருது."

"அதான் தெனம் பாக்கறீங்களே. கலங்கினா தெரியாதா?"

"தெரியாது. தெனம் பாக்கற கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. துளி துளியா கலங்கினா கண்ணு பழகிப் பூடும். போன மாசத்துத் தண்ணிய இன்னிக்கித் தண்ணிக்குப் பக்கத்துல வெச்சாத்தான் தெரியும்."

மனுஷன் தன் கண்ணையே நம்பவில்லை.

ஆனால் காலனியில் யாரும் இதை நம்பவில்லை. மலையில் சாராயம் காய்ச்சுவது ஊரறிந்த சேதி. அங்கிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை லஸ்கர் வீட்டுப் பின்பக்கமாகத்தான் வந்து சேரும். தனியாக இருக்கிற ஆம்பிளை, ஜன்னல் நிறைய பாட்டில், உள்ளே தண்ணீர்மாதிரி ஒன்று. பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கண்ணைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல ஆசை. பாதி நினைத்தேன். நான் பிறகு செய்த காரியத்தில் மீதி பாதிக்கு வேறு காரணம் இருந்தது.

படகு விடுவதற்குத் தண்ணீர் படித்துறை வரைக்கும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சேற்றில் இறங்கித்தான் படகேற வேண்டும். பட்டுப்புடவை கட்டி வந்தவள் சேற்றில் இறங்குவாளா? அதனால் காண்டிராக்டர் ஒரு வேலை செய்தார். கலிங்கின் மேல் பலகையை நட்டு, களிமண் மூட்டையை அண்டக் கொடுத்து, ஒன்றரை அடி உயர்த்திவிட்டார். வழிந்து போக வேண்டிய தண்ணீர் உள்ளேயே நின்றது. எங்கள் பக்கத்து ஏரிகளில் விவசாயிகள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். கோடையில் வயலுக்கு இரண்டு நனைப்பு கூடக் கிடைக்குமே என்று செய்வார்கள். மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிடுவார்கள். எங்கள் பலகை எடுக்கப்படவே இல்லை. ஏரி நிறையத் தண்ணீர் நின்றால் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பார்வையிட வந்த அதிகாரிகளும் அதையே சொன்னார்கள்.

கரை தாங்காது என்று லஸ்கர் பலகையைப் பிடுங்குவார். காண்டிராக்டர் ஆட்கள் நடுவார்கள். மறுபடி பிடுங்குவார். காணும் பொங்கல் அன்றைக்குக் காலையில் பிடுங்கினார் பாருங்கள், படித்துறையை விட்டுத் தண்ணீர் இறங்கிவிட்டது. வருஷத்திலேயே பெரிய கூட்டம். பாதிப் பேர் படகைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காண்டிராக்டர் அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பிடித்து ஏறினார்.

"அந்தாள அங்கேருந்து கெளப்ப முடியலன்னா நீ இன்னாத்துக்கு இருக்க? உனக்கு வேற எடம் பாத்துக்க."

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எடம் எங்கே பார்ப்பது? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து போலீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். இடது கையால் எழுதினேன். அணை லஸ்கர் வீட்டு ஜன்னலில் சாராயம் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது, ஐயா அவர்கள் நேரில் வந்து பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும், இப்படிக்குப் பொதுமக்கள். தபாலில் போட்டேன்.

ஒரு மத்தியானம் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நேரே ஜன்னலுக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. மூடியில் ஊற்றி வாயில் விட்டார். துப்பினார். இன்னொரு பாட்டில். அதையும் துப்பினார். காலனியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு மானம் போய்விட்டது. லத்தியால் ஜன்னலில் ஒரு இழுப்பு இழுத்தார். முப்பது பாட்டிலும் சிமெண்ட் தரையில் விழுந்து நொறுங்கின. பிறகும் விடவில்லை. லஸ்கரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு, இனிமேல் ஜன்னலில் பாட்டிலைப் பார்த்தால் கேஸ் போட்டுவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவருக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எவன் பண்ண வேலையோ" என்றேன். எவ்வளவு கொழுப்பு எனக்கு!

அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "சந்தேகப்பட்டான். அது தப்பில்ல டிக்கெட்டு. எனக்கு இல்லாத சந்தேகமா? ஆனா வந்து ஒரு தபா பாத்திருக்கலாமில்ல? ஜன்னல் தொறந்துதான கெடந்துது?"

அன்றிலிருந்து பாட்டில் வைப்பதில்லை. காலையில் வந்து தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பதோடு சரி.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் ரோட்டில் இறங்கியது. படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்த காலம். கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு வாரம் போல ரோடே இல்லை. புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, போன் கம்பி அறுந்து கிடந்தது, கள்ளக்குறிச்சியில் என்ன நடக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. அங்கே சுட்டார்கள், இங்கே பிடித்தார்கள் என்று வாய்க்கு வாய் ஒரு சேதி. எங்கள் அணையிலிருந்து போகிற ரோடு, கலிங்குத் தண்ணீர் போகிற ஓடைமேல் ஒரு தரைப்பாலத்தைத் தாண்டும். அங்கே என் மனைவியின் தம்பி, என் மச்சான், இருபது முப்பது பேரோடு உட்கார்ந்திருந்தான். போகிறவன் வருகிறவன் எல்லாரும் அவர்களுக்குப் போலீஸ் ஆள்தான். லஸ்கர் எங்கள் சனம் இல்லை. மற்ற நாளில் அதை யாரும் நினைத்ததில்லை. அந்த வாரத்தில் எல்லாரும் அதையே நினைத்தார்கள்.

மலையில் மூன்று நாள் அடை மழை. ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. கலிங்கின் மேல் பலகை அப்படியே இருந்தது. மறியல் தொடங்கி மூன்றாம் நாள் லஸ்கர், என்ஜினியரைப் பார்க்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சிக்கு நடந்தே கிளம்பினார். தரைப்பாலத்தில் பையைப் பிடுங்கிக் கொட்டிப் பார்த்து, "போலீசுக்கு சேதி சொல்லத்தான போற? திரும்பிப் பாக்காம போ" என்று விரட்டிவிட்டார்கள். நேரே என் கவுண்டருக்கு வந்தார். படகு ஓடவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"டிக்கெட்டு, கொஞ்சம் வாயேன். தண்ணி கலங்கிக்கினு வரமாதிரி இருக்குது. எனக்கே சந்தேகமா இருக்குது. பாட்டிலு இருந்தா பக்கத்துல வெச்சி பாத்திருப்பேன். இப்ப இன்னொரு ஆளு பாத்தாத்தான் தெரியும்."

போனேன். கோரைப்புல் நடுவில் புதிதாக ஒரு குழி. அதில் தண்ணீர் கொதிக்கிறமாதிரி மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றி வட்டமாக மெல்லிய மண் படிந்திருந்தது. கண்ணுக்குப் பெரிதாகக் கலங்கல் தெரியவில்லை. மழைத்தண்ணீர்தானே என்றேன்.

"கைய வுட்டுப் பாரு."

விட்டேன். தண்ணீர் விரலுக்கிடையில் போகும்போது நறநறவென்று மண் உரசிக்கொண்டு போனது. மாவுமாதிரி மண். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். இருபது அடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுச் சுவர். உள்ளே என் பையன் ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.

"வருதா?" என்றார்.

"வருதுண்ணே." அதுதான் முதல்முறை அவரை அண்ணே என்று கூப்பிட்டது.

உத்தரவு இல்லாமல் மதகைத் திறக்கக் கூடாது. உத்தரவு கொடுக்கிறவர் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். லஸ்கர் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பலகையும் புடுங்கணும், மதகையும் முழுசா தொறக்கணும். கீழ சொர்ணவாரி நெல்லு அறுத்துப் போட்டிருக்காங்க. அரிக்கட்டு அத்தினியும் வயல்லயே கெடக்குது. தரைப்பாலத்துல வேற ஆளுங்க குந்தினு இருக்காங்க. நான் சொன்னா அடிப்பாங்க. உன் மச்சான் இருக்கான், நீ போயி சொல்லு. நெல்லை வாரிக்கச் சொல்லு. ரெண்டு மணி நேரம் பொறுத்துத் தொறக்கறேன்."

போனேன். தரைப்பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் போனேன். கையில் கோடாலியோடு கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் சைக்கிளில் வந்தவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் திறக்கப் போகிறார்கள், எழுந்து போங்கள் என்று நான் சொன்னால் என்ன நினைப்பார்கள்? போலீஸ் லஸ்கரைக் கையில் போட்டுக்கொண்டு மறியலைக் கலைக்கிறது, அதற்கு இவனும் உடந்தை என்றுதான். மச்சான் என்றும் பார்க்க மாட்டார்கள். வெட்டிய புளியமரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிட்டேன்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சரின்னாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் டயர் தடத்தைத் தொட்டுப் பார்த்த மனுஷன், அன்றைக்கு ரோட்டுப் பக்கம் இறங்கவில்லை. "சரி, நீ மணலை வாரு" என்றார். சறுக்குமரத்தடியில் பிள்ளைகள் குதிக்கக் கொட்டியிருந்த மணலை நான் கூடை கூடையாகச் சுமந்தேன். அந்தக் குழிமேல் மணல், அதன்மேல் பூங்காப் பாதைக்கு வைத்திருந்த ஜல்லி, அதன்மேல் கல். "தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அடுக்கினார். இரண்டு மணி நேரம் போனதும் கடப்பாரையோடு கலிங்குக்குப் போனார். பலகைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. பிறகு மதகின் திருகை முழுக்கச் சுற்றினார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தரைப்பாலத்தில் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதும் எல்லாரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஆனால் அறுத்துப் போட்டிருந்த நெல் போய்விட்டது. அரிக்கட்டு அரிக்கட்டாக மிதந்து போனதைக் கரைமேலிருந்து அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் குழித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தோம். மண் வரவில்லை.

அணை உடையவில்லை. அதனால்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. உடைந்திருந்தால் அந்த ஆள் சொன்னது உண்மை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். உடையாத அணையை வைத்துக்கொண்டு என்ன நிரூபிப்பது? போலீஸ் சொல்லித்தான் லஸ்கர் தண்ணீரைத் திறந்து மறியலைக் கலைத்தான் என்று ஊர் முழுக்கப் பேசியது. காண்டிராக்டர் அதற்கு மேலும் இரண்டு சேர்த்துப் பேசினார்.

ரோடு திறந்ததும் பெரிய என்ஜினியர் விசாரணைக்கு வந்தார். அணையை ஒட்டிய சர்க்கார் பங்களா வராந்தாவில் மேஜை போட்டார்கள். கீழே நெல் போனவர்கள் கூட்டமாக நின்றார்கள். அதில் என் மச்சானும் இருந்தான். வாசற்படியில் காண்டிராக்டர். கசிவு கலங்கியது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று என்ஜினியர் கேட்டார். முன்னறிவிப்பு கொடுத்தாயா என்று கேட்டார்.

"அத்தாட்சி இல்லீங்க. பாட்டிலு இருந்துது, ஒடச்சிட்டாங்க. ஆனா டிக்கெட்டு பாத்தாரு. கைய வுட்டே பாத்தாரு. தரைப்பாலத்துக்குப் போயி சொல்லிட்டு வந்ததும் அவருதான். அவர கேளுங்க, போதும்."

என்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணத்தில் எல்லாம் ஓடியது. மண்ணைப் பார்த்தேன் என்றால் பலகை நட்டது வெளியே வரும், வேலை போகும். சொல்லப் போனேன் என்றால், ஏன் சொல்லவில்லை என்று மச்சான் கேட்பான், நெல் போனவன் எல்லாம் என் சட்டையைப் பிடிப்பான்.

"நான் கவுண்டர்லயேதாங்க இருந்தேன். எங்கயும் போகல. ஒண்ணும் பாக்கல."

லஸ்கர் "சரிங்க" என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டில் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "மணலு வாரிக்கினு சேறும் சகதியுமா வந்து நின்னீங்களே, நான் பாக்கலயா? பாத்தத சொன்னா இன்னா கெட்டுப்பூடும்?" அவளைத் திட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவரை எங்கோ ஒரு வாய்க்காலுக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் டிரங்குப் பெட்டியோடு என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். நான் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்ட ஒன்றுமில்லை.

"அரிக்கட்டு மெதந்து வந்தப்பவே தெரிஞ்சிது, நீ சொல்லலன்னு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பு எம்மேலதான். ஒரு தபா பாக்காம வுட்டுட்டேன்."

நான் நிமிரவில்லை.

"பலகைய மறுபடி நட்டுருவாங்க. பசங்கள அந்த வூட்ல வெச்சிக்காத டிக்கெட்டு. மேட்டுப் பக்கம் போயிடு. நான் சொல்றேன்னு போவாத. நீயே பாத்துட்டுப் போ."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் போகிற வேலை வந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவேன்.

அடுத்த வாரமே கலிங்கில் பலகை ஏறிவிட்டது. படித்துறை வரைக்கும் தண்ணீர். படகு ஓடியது. நான் டிக்கெட் கிழித்தேன். ஆனால் மேட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டைப் பேசிவிட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மாட்டுவண்டி கொண்டுவந்து, பாத்திரம் பண்டம், கட்டில், பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றினேன். அடுத்த வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மீதி ஐம்பத்தெட்டு வீடும் வரிசையாக இருந்தது.

"இன்னாண்ணா, திடீர்னு வூட்ட காலி பண்றீங்க? ஏதாச்சும் பிரச்சனையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். "இங்க கொசு ஜாஸ்தி."